மூன்றாவது ஆதாரம்

“மூடின கம்பெனியோட முதலாளி இவ்வளவு சத்தமா பேசக் கூடாது, சார்.”

“மூடலைம்மா! அதைச் சொல்லத்தானே காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன்!”

பொத்தான் தொழிற்சாலை முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரே இருந்த அலுவலகப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊரிலுள்ள கம்பெனிகளின் ஜாதகமெல்லாம் அந்தத் திரைக்குள் இருந்தது. சந்தா கட்டியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வியாபாரமே பேசுவார்கள். அவரிடம் இருபது லட்சம் சட்டைப் பொத்தான் கேட்டிருந்த வெளிநாட்டுக்காரரும் நேற்று பார்த்துவிட்டார்; அவர் கம்பெனிக்கு நேரே ‘மூடப்பட்டது’ என்று இருந்தது. ‘இல்லாத கம்பெனிக்கு ஆர்டர் இல்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். இன்று ஐந்து மணிக்குள் பதிவு மாறாவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும்.

மணி நாலே முக்கால்.

மச்சினனுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தார். “மாப்ள, எல்லா மெஷினையும் ஓட்டுடா!”

அறை அதிர்ந்தது.

“நல்லா ஓடுது சார்,” என்றாள் அவள். “ஆனா எங்க படிவத்துல சத்தத்துக்குக் கட்டம் இல்லையே.”

“அத்தான், எவ்வளவு நேரம் ஓட்டணும்?”

“கம்பெனிக்கு உயிர் வர்ற வரைக்கும் ஓட்டுடா!”

அவள் விரலை மடக்கினாள். “நீங்க மூடினதுக்கு மூணு ஆதாரம் இருக்கு சார். ஒண்ணு, வணிகப் பத்திரிகை.”

“அவங்களுக்கு யாரு சொன்னது?”

“எங்க பதிவைப் பார்த்துப் போட்டிருக்காங்க.”

“ரெண்டாவது?”

“அந்தப் பத்திரிகையைப் படிச்ச ஒரு வங்கி.”

“விளங்கிடும்! மூணாவது எந்தப் பாவி?”

“அதுதான் நேரடி ஆதாரம். சந்தாதாரருக்கு மட்டும்தான் காட்டுவோம்.”

“நானும் சந்தாதாரரா இருந்தவன்தாம்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடி!”

அவள் மனமிரங்கினாள். “பழைய ஆளாச்சேன்னு ஒரு தடவை போடுறேன். கேட்டுட்டு அந்த ஆளை ஒண்ணும் பண்ணிட மாட்டீங்களே?”

“நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன்!”

அவள் ஒலிப்பதிவைத் தட்டினாள்.

‘இதோட பத்து தடவை ஆச்சும்மா! சந்தாவும் வேணாம், கிந்தாவும் வேணாம். கம்பெனியையே இழுத்து மூடிட்டேன், போதுமா? இனிமே போன் பண்ணாதீங்க!’

சந்தேகமே இல்லை, அவருடைய குரல்தான்.

மேசைமேல் மெஷின்கள் இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தன.

“அந்தப் பத்து தடவையும் போன் பண்ணது நான்தான் சார்,” என்றபடி அவள் ஒரு படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “இப்பவாவது சந்தாவைப் புதுப்பிக்கிறீங்களா?”