அசையாமல் பார்க்க வேண்டிய பூ

"அசையாதீங்க. அசைஞ்சா பூ உதிர்ந்துடும்."

கரையில் நின்ற மனைவி இப்படிச் சொன்னதும், சதுப்புச் சேற்றில் நின்ற பல் டாக்டர் லென்ஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். காலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். மூக்குக்கு நேரே, புதர்போல் வளர்ந்த செடியில் ஓர் இளஞ்சிவப்புப் பூங்கொத்து.

"உன் தம்பி வர்றதுக்குள்ள இது என்ன பூன்னு சொல்லியாகணும்டி. முதல்ல பேரைச் சொல்றவங்க படம்தான் நம்ம காட்டுப்பூ கிளப் காலண்டர் அட்டையில வரும். போன வருஷம் அவன் இளிச்சிட்டு நின்ன படத்தை என் கிளினிக்லயே கொண்டுவந்து மாட்டினவதானே நீ?"

"மாட்டினேன். இப்ப அதுக்கென்ன? சூரியகாந்திக் குடும்பம்தானே? சுத்தி இதழ் இருக்கா?"

"இதழே இல்ல. குட்டிக் குட்டிப் பூவா, குஞ்சம் கட்டின மாதிரி இருக்கு. இலையைக் கசக்கி மோந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

"கையை நீட்டாதீங்க. இருக்கறதே ஒரு செடி. கண்ணால மட்டும் பாருங்க. அந்தக் குட்டிப் பூவையெல்லாம் எண்ணுங்க."

"எண்ணுறதா? நூத்துக்கணக்கில இருக்கும்."

"இருக்கட்டும். மனசுக்குள்ளயே எண்ணுங்க. கண்ணை எடுத்தீங்க, திரும்ப ஒண்ணுலேர்ந்துதான்."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். பாதியில், கரையோரம் ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

"என்ன மாமா, இன்னுமா..." என்று இறங்கிய மச்சானை மனைவி கை நீட்டித் தடுத்தாள்.

"வாயை மூடிட்டு அங்கேயே நில்லுடா. ஒரு அடி எடுத்து வச்சே, தொலைச்சுடுவேன்."

டாக்டருக்குப் புல்லரித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தம்பியை விட்டுக்கொடுத்து அவள் இவர் பக்கம் பேசுவது இதுதான் முதல் தடவை. ஆசை தாங்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார். மச்சானின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயம், பாவம்.

பார்த்ததில் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"போதும்," என்றாள் கடைசியில். "ஏறி வாங்க. சீக்கிரம்."

"பேரு?"

"புளூச்சியா."

டாக்டர் வெற்றி வீரராகக் கரையேறினார். "கேட்டுக்கடா, புளூச்சியா. இந்த வருஷம் அட்டையில என் பல்லு."

மச்சான் தலையை மட்டும் ஆட்டினான். அப்போதுதான் மனைவியின் கையிலிருந்த பூக்கள் புத்தகத்தை டாக்டர் கவனித்தார்.

"தலைகீழாப் பிடிச்சிட்டிருக்கே. எப்படிடி கண்டுபிடிச்ச?"

அவள் கரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பூ என்னன்னு எனக்குப் பார்த்ததுமே தெரியும். இவ்வளவு நேரம் உங்க பூட்ஸைச் சுத்திக்கிட்டுக் கிடந்து, இப்பத்தான் இறங்கிப் போச்சே... அது என்ன பாம்புன்னுதான் தெரியல."