நிறுத்தி வைத்த அலாரம்

காலை வெயில் மானிட்டரில் சாய்ந்து விழுகிறது. மருத்துவமனை நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றி முடித்தவளின் தோளுக்குப் பின்னால் மேலாளர் காபியைச் சத்தமாக உறிஞ்சுகிறார். "பழைய செட்டிங் ஒண்ணு விடாம வந்திடுச்சும்மா. எல்லாம் பச்சை!" ஆனால் அவள் கண் திரையின் ஓரத்தில் நிற்கிறது. பழைய பதிப்பு காட்டாத ஒரு பட்டியலைப் புதியது கண்ணெதிரே விரிக்கிறது: அலாரம் நிறுத்தப்பட்டவை. அதில் ஒரே வரி. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதன்மை இணைப்பு அறுந்தால் கைகொடுக்க வேண்டிய மாற்று இணைப்பு, தொண்ணூற்று நான்கு நாட்கள். கேபிள் மாற்றிய அன்று ஓயாமல் கத்திய அதன் அலாரத்தின் வாயை, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று அடைத்தது அவளேதான். பிறகு அடியோடு மறந்துவிட்டாள். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" அவள் அலாரத்தைத் திறந்துவிடுகிறாள். பச்சை ஒரு கணம் தயங்கிச் சிவக்கிறது: இணைப்பு இல்லை. முதுகுக்குப் பின்னால் உறிஞ்சும் சத்தம் நிற்கிறது.