வாண்டுகள் திறக்காத மூடி

இருமல் மருந்து பாட்டிலுக்கு, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வேண்டும். கவிழ்த்தாலும் சொட்டுச் சொட்டாகவே விடும் வால்வும் அதற்குள் வேண்டும். அதை வடிவமைக்கும் பொறுப்பிலிருந்த அவன், பாவம், படாதபாடு பட்டான். ஊழியர்களின் பிள்ளைகளிடம் கொடுத்துத்தான் சோதனை. வாண்டுகள் ஒவ்வொரு முறையும் திறந்துவிடும். அவன் மறுபடி பட்டறையிலேயே பழியாகக் கிடப்பான்.

இன்று ஒரு வாண்டும் திறக்கவில்லை.

"பொழச்சோம்யா. நாளைக்கே தயாரிப்பைத் தொடங்கிடலாம்" என்றார் மேலாளர்.

அசந்துபோய் வீடு வந்தவனின் மடியில் மகள் ஏறிக்கொண்டாள்.

"இனிமே சீக்கிரம் வந்துடுவீங்களாப்பா?"

"வந்துடுவேன் கண்ணு. அந்த மூடியை யாராலயும் திறக்க முடியலையே."

"பல்லால கடிச்சா வால்வோட வந்துடும்ப்பா. திறந்தா எங்கப்பா வீட்டுக்கே வர மாட்டாருன்னு மத்த பசங்க எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லி வச்சேன்."

அவன் மேலாளருக்குப் போன் போட்டான். "சார், நாளைக்குத் தொடங்க வேணாம்."

மகள் மடியைவிட்டு இறங்கிக்கொண்டாள்.