ஹால்வர்சனின் ஆதி செல்

ரத்தப் புற்றுநோயின் ஆதி செல், மினியாபோலிஸ் ஆய்வகம் ஒன்றின் குடுவைக்குள் மனிதனிடம் பிடிபட்டு நிற்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தைத் தூக்கிப் பிடித்து, இயக்குநர் ஹால்வர்சன் புகைப்படக்காரரிடம் அப்படித்தான் சொல்கிறார். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பி-செல் என்னும் வெள்ளணுக்களை அதில் வளர்த்த ஆய்வாளர் ப்ரென்னா படத்துக்கு வராமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். “எல்லா நோயாளிகிட்டயும் இதே செல்தான் இருக்கு. இன்னும் என்னம்மா சந்தேகம்?” என்று ஹால்வர்சன் கேட்கிறார். “அதான் சந்தேகமே, டாக்டர். அத்தனை பேருக்கும் அச்சு அசலா ஒரே செல் எப்படி இருக்கும்? வேற யாரோடதோ கலந்திருக்கு. கட்டுரையில என் பேரைப் போடாதீங்க.” “பேர் இல்லன்னா வேலையும் இல்ல.” “வேலையும் வேண்டாம். மரபணுச் சோதனை முடிவு வந்திருக்கு, பாத்துட்டு அப்புறம் படத்துக்குச் சிரிங்க.” அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். குளிர்பெட்டி முனகுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நலமான ரத்தம் வேண்டுமென்று சென்ற வசந்தத்தில் ஹால்வர்சன் கை நீட்டிக் கொடுத்த அவருடைய செல்கள்தான் எல்லாக் குடுவைகளிலும் இருக்கின்றன.