இலை வைக்காத தட்டு

நெல் இலையைத் தின்னும் பூஞ்சைக்குள் ஒரு மரபணு தூங்கிக்கொண்டிருக்கும். உயிருள்ள இலையைத் தொட்டால்தான் அது விழிக்கும். விழிப்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று, ஆய்வகத்தில் தவமணி அதனோடு ஒரு பச்சை ஒளியைக் கோத்திருந்தாள். அன்று காலை, பூஞ்சை மட்டும் வளர்ந்திருந்த, இலையே வைக்காத தட்டு ஒளிர்ந்தது.

“இலைத் துணுக்கு விழுந்திருக்கும்க்கா. நேத்து கதை பேசிக்கிட்டேதான நறுக்குனீங்க?” என்றாள் கூட வேலை செய்யும் பர்வீன்.

“என் கதைக்கு நீயே முழிச்சிருக்க மாட்டே. அதுவா முழிக்கும்?”

தேடியும் துணுக்கு கிடைக்கவில்லை. ஒளி தட்டின் ஒரே ஓரத்தில், தவமணி அமர்ந்திருந்த பக்கமாக இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒளி மறுபடி அவள் பக்கமே வந்துவிட்டது.

“நீ உக்காரு,” என்று தவமணி எழுந்து விலகினாள்.

பர்வீன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். “அணைஞ்சிருச்சுக்கா. ஒண்ணுமில்ல.”

தவமணிக்கு மூச்சு வந்தது. கையுறை வழுக்குகிறதென்று இலை நறுக்கும்போது அங்கே யாரும் அதைப் போடுவதில்லை. போன வாரம் கத்தி அவள் விரலைக் கீறியிருந்தது. பிளாஸ்திரி நனையாமல் கை கழுவ, ஜன்னலோரக் குழாய்க்குப் போனாள்.

“அக்கா,” பர்வீன் கண்ணை எடுக்காமல் கேட்டாள். “ஜன்னல் பக்கமா போனீங்க?”

“ஆமா. ஏன்?”

“ஒளி இப்ப அந்தப் பக்கம் வந்திருக்கு.” தவமணி குழாயை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் அறையின் குறுக்கே நடந்தாள்.

“இப்ப கதவுகிட்ட நிக்கிறீங்க,” என்றாள் பர்வீன்.

தவமணி பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்தாள். பிரிக்கவில்லை.