கட்டைவிரல்

மேஜர் கோமதிநாயகத்தின் படத்தைத் திறந்து வைத்தாயிற்று. போரில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் பனிமலையில் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. மேடையில் படத்துக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மூன்று நடையாக அவர் மீட்டு வந்த பதினோரு சிப்பாய்களும் மாலை போடப் போகையில் விசிறிக்கடியில் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை. பன்னிரண்டாவது சிப்பாய் எட்வின் மட்டும் மாலையோடு பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

மேஜரின் மனைவி சுகந்தி அருகில் போனாள். "போய்ப் போடுங்க தம்பி."

"சார் இன்னும் கட்டைவிரலைக் காட்டலை மேடம்," என்றான் சாதாரணமாக. "ஹெலிகாப்டர் றெக்கை சுத்தறப்போ அவர் காட்டாம கிட்ட போகக் கூடாது. அன்னிக்கு இடமில்லாம எனக்கு மட்டும் உள்ளங்கையைக் காட்டினாரு. இரு, வர்றேன்னு அர்த்தம். அவ்வளவு குண்டுக்கு நடுவுல யாரு வருவா? வந்தாரு. ஒத்தை ஆளுக்காக. முகம் தெரியற தூரம் வரைக்கும் வந்துட்டாரு."

நாலாவது முறை அவர் யாருக்காகப் போனார் என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கூட்டம் காத்திருந்தது. எட்வின் நகரவில்லை. சுகந்தி மேடையேறிப் படத்தருகில் நின்றாள். தினமும் வாசலில் பைக்கைக் கிளப்பும்போது அவர் அவளுக்குக் காட்டியது போலவே கட்டைவிரலை உயர்த்தினாள்.

எட்வின் குனிந்தபடி ஓடி வந்தான். மாலையை மடியில் வைத்துக்கொண்டு மேடை விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தான்.

"போகலாம் சார்," என்றான்.