சென்ட் வியாபாரியின் வண்டி

"தலை, குடல், செதில், எல்லாம் கலந்து போடுங்க. நல்லா கெட்டுப்போனதா பார்த்துப் போடுங்க."

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பூனைக்காம்மா?"

"ஆமா. வீட்டை விட்டு ஓடிப்போன பூனை."

பையின் வாயை இறுக முடிந்துகொண்டு ஏசி அக்கா தன் பட்டறைக்கு நடந்தாள். கார் ஏசி பழுதுபார்க்கும் பட்டறை. அவளே முதலாளி, அவளே மெக்கானிக்.

முந்தின நாள் ஒரு பெண் போன் செய்து, ஏசி போட்டால் கார் நாறுகிறது, பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். வண்டி நம்பரைச் சொன்னதும் அக்கா அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. புருஷன் விட்டுப் போனபோது அதையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்கு சென்ட் வியாபாரம். மூடியைத் திறக்காமலே எந்த சென்ட் என்று சொல்லும் மூக்கு தனக்கு என்று பீற்றிக்கொள்வான். அந்த மூக்குக்குத்தான் அவள் ஆகாமல் போனாள். "இவ மேல எப்பவும் கிரீஸ் நாத்தம். பக்கத்துல உட்கார முடியல" என்று அவள் அண்ணன், அண்ணி, மாமன் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். அன்றைக்கு சோப்பும் நாருமாக அவள் தேய்த்த தேய்ப்பில் கை தோலுரிந்துவிட்டது. தோல் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை.

நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டபடி கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் அவனுடைய புது மனைவி. சின்னப் பெண். கொண்டை கலைந்து, தூங்காத கண்ணோடு இறங்கினாள்.

"டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஃபில்டர் இருக்குமேக்கா, அதை மட்டும் பாருங்க. வேற எதையும் கழட்ட வேண்டாம்."

பரவாயில்லையே என்று அக்கா நினைத்தாள். அப்படி ஒரு ஃபில்டர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எங்காவது விசாரித்திருப்பாள்.

"நாத்தம் ரொம்ப மோசமா?"

"கூட வர்ற வியாபாரிங்க பாதி வழியிலயே இறங்கிக்கிறாங்களாம். சென்ட் விக்கிறவன் வண்டி லட்சணத்தைப் பாருன்னு கடைவீதியே சிரிக்குதாம். ராத்திரியெல்லாம் அவருக்குத் தூக்கமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப ஒரு வாரமா குறைஞ்சிருக்குன்னு சொல்றார்." அதைச் சொல்லும்போது அவள் முகம் ஏனோ வாடியது.

அக்காவுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஏசி ஈரத்தில் பூத்த வெறும் பூஞ்சை நாற்றத்துக்கே இந்தப் பாடு. தன் பையில் இருப்பது உள்ளே போனால் அந்த மூக்கை அவன் கழற்றித்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து போகிற இந்த மகராசியும் சேர்ந்தே அனுபவிக்கட்டும்.

"வெளியில உட்காரும்மா. தூசி பறக்கும்."

பெட்டியில் இருந்த சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் அமுக்கிப் பெட்டியைக் கீழே சாய்த்தாள். பின்னாலிருந்த மூடியை நெம்பி ஃபில்டரை உருவினாள். சாம்பல் அப்பியதுபோல் அழுக்காக வரும் என்று எதிர்பார்த்தவளுக்குத் திக்கென்றது. ஃபில்டர் வெள்ளை வெளேரென்று புத்தம் புதிதாக இருந்தது.

அப்படியென்றால் நாற்றம் எங்கிருந்து? கையை விட்டுத் துழாவினாள். ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். வாய் கட்டிய ஒற்றை சாக்ஸ். அவன் போடுகிற அதே கோடு போட்ட சாக்ஸ். முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இறால் தலையும் ஓடும், கறுத்து, வற்றி, சருகாகிக் கிடந்தன.

யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள். இத்தனை நாள் காத்திருந்து, கடைசியில் இதிலும் அவளுக்கு இரண்டாவது இடம்தான். யாராக இருக்கும்? அவன் வயிற்றில் அடித்த வியாபாரியா? திட்டி விரட்டின வேலைக்காரனா?

"நான் ஆஸ்பத்திரியில நர்ஸுக்கா."

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். புது மனைவி கார் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அக்கா கையில் இருந்த சாக்ஸைப் பார்த்தும் அவள் முகத்தில் சலனமில்லை.

"என் மேல டெட்டால் நாத்தம் அடிக்குதாம். வண்டியில ஏத்த மாட்டார். மழையோ வெயிலோ, நான் பஸ்லதான். ஃபில்டர் மாத்துறது, சர்வீசுக்கு விடுறது, இதுக்கு மட்டும் நான் இந்த வண்டியைத் தொடலாம்."

அக்கா சாக்ஸின் வாயை மறுபடி முடிந்தாள்.

"ஃபில்டரை மாத்தினா சரியாயிடும்னு அவர்கிட்ட சொல்லி நானே மாத்திட்டிருந்தேன். இப்ப மெக்கானிக்கிட்ட காட்டியே ஆகணும்னு நிக்கிறார். வேற யார்கிட்ட விட்டாலும் காரியம் கெட்டுடும். நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

அக்கா முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சரி, நான் இப்ப என்ன பண்ணணும்?"

"அது காஞ்சு போச்சுக்கா, புதுசா மாத்தி விடுங்க."